கைவிடாத பயிற்றுநர்

நுழையும்முன்

ஊரார் அனைவரும் வேண்டாம் என்று ஒதுக்கிய வீரர் ஒருவரை ஒரே ஒரு பயிற்றுநர் வேண்டும் என்றார். அதற்காக அவர் பெற்ற வசையும், பின்னர் அடைந்த புகழும், அதே பண்பினால் இறுதியில் கண்ட சரிவும் இப்பாடத்தில் இடம்பெறுகின்றன.

1982ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். மாட்ரிட் நகரிலிருந்து இத்தாலிக்குத் திரும்பிக்கொண்டிருந்த வானூர்தி ஒன்றில் நால்வர் அமர்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தனர். அவருள் ஒருவர் இத்தாலியின் குடியரசுத் தலைவர் சாந்த்ரோ பெர்த்தீனி. அப்போது அவருக்கு அகவை எண்பத்தைந்து. அவருக்கு இணையாக ஆடியவர் இத்தாலியக் கால்பந்து அணியின் தலைவரும் கோல் காப்பாளருமான தீனோ சோஃப். எதிரே பிராங்கோ கௌசியோ என்னும் வீரர். கௌசியோவுக்கு இணையாக அமர்ந்தவர் அணியின் பயிற்றுநர் என்சோ பேர்சோட். நால்வருக்கும் இடையில், மேசையின்மேல், முதல் நாள் இரவு அவர்கள் வென்றெடுத்த உலகக்கோப்பை இருந்தது. இத்தாலியர் பெரிதும் போற்றும் நிழற்படங்களுள் இக்காட்சியும் ஒன்று.

இந்த நிழற்படம் எடுக்கப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், படத்திலுள்ள பயிற்றுநரைப் பதவியிலிருந்து நீக்கவேண்டும் என்று அதே நாட்டின் செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்தன. அந்த மூன்று வாரங்களை விளங்கிக்கொள்ள, பேர்சோட் யார் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

எல்லைப்புறத்து இளைஞர்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் அமைந்தது ஃப்ரியூலி நிலப்பகுதி. இரண்டு உலகப்போர்களின் சுவடுகளையும் தாங்கிய எல்லைப்புறம் அது. அங்குள்ள ஐயெல்லோ என்னும் சிற்றூரில் 1927ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் என்சோ பேர்சோட் பிறந்தார். பள்ளியில் இலத்தீனும் கிரேக்கமும் பயின்ற மாணவர் அவர். செவ்விலக்கிய வாசிப்பும், பின்னாளில் ஜாஸ் இசையின்மேல் கொண்ட ஈடுபாடும் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. கால்பந்து உலகில் இத்தகைய ஆர்வங்கள் அரியவை. அவரை விரும்பாதவர்கள் இவற்றையும் கேலிக்குரியனவாக ஆக்கினர் என்பது வேறு.

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, அருகிலிருந்த கொரித்சியா நகரக் கழகத்தில் அவர் ஆடத் தொடங்கினார். 1948இல் மிலான் நகரின் புகழ்பெற்ற இன்டர் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. பின்னர்ச் சிசிலித் தீவின் கத்தானியா கழகத்துக்குச் சென்று மூன்று ஆண்டுகள் ஆடினார். 1954இல் அவர் வந்து சேர்ந்த இடம் தொரீனோ. இடையில் ஓராண்டு இன்டருக்குத் திரும்பியது நீங்கலாக, 1964இல் ஓய்வு பெறும்வரை தொரீனோவே அவருடைய வீடாக இருந்தது.

தொரீனோ அக்காலத்தில் துயரம் தோய்ந்த பெயர். 1949ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், இத்தாலியின் தலைசிறந்த அணியாக விளங்கிய தொரீனோ வீரர்கள் பயணம் செய்த வானூர்தி சுப்பேர்கா குன்றில் மோதியது. அதில் இருந்த 31 பேரும் உயிரிழந்தனர். நாட்டின் தேசிய அணிக்கு அக்கழகத்திலிருந்தே பெரும்பாலான வீரர்கள் சென்ற காலம் அது. அந்த இழப்பிற்குப் பின் பல ஆண்டுகள் தடுமாறிய கழகத்தில்தான் பேர்சோட் ஆடினார். 1959இல் அது இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அடுத்த ஆண்டே மேலெழுந்தது. இரு நிலைகளிலும் பேர்சோட் கழகத்தோடு இருந்தார்.

ஆட்டக்காரர் என்ற முறையில் அவரை மாபெரும் வீரர் என்று கூறுதல் பொருந்தாது. தற்காப்பிலும் நடுக்களத்திலும் உழைத்து ஆடும் வகையினர் அவர். நாட்டிற்காக ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் களமிறங்கினார். 1955ஆம் ஆண்டு நவம்பரில் புடாபெஸ்ட் நகரில், புஷ்காஷ் போன்ற மேதைகளைக் கொண்ட ஹங்கேரி அணிக்கு எதிராக நிகழ்ந்த அவ்வாட்டத்தில் இத்தாலி 0–2 எனத் தோற்றது. ஒரே வாய்ப்பு, அதுவும் தோல்வி என்று முடிந்த தேசிய வாழ்வு அவருடையது. ஒரு வீரருக்கு இரண்டாம் வாய்ப்பு என்பது எவ்வளவு பெரிது என்பதை அவர் வேறெங்கும் கற்கவேண்டியிருக்கவில்லை.

தாழ்ப்பாளும் திறந்த கதவும்

ஓய்வுக்குப் பின் தொரீனோவில் நேரேயோ ரோக்கோ என்னும் பயிற்றுநருக்கு உதவியாளராகப் பேர்சோட் பணியாற்றினார். தொடர்ந்து, மூன்றாம் பிரிவில் இருந்த பிராத்தோ கழகத்துக்குச் சிறிது காலம் பயிற்சியளித்தார். அதன்பின் அவர் எந்தக் கழகத்திற்கும் செல்லவில்லை. இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பில் சேர்ந்து இளையோர் அணியைக் கவனித்தார்; பின்னர்த் தேசிய அணியின் உதவிப் பயிற்றுநரானார். பெரிய கழகம் ஒன்றிற்கும் பயிற்சியளித்து வெற்றி காணாதவர் நாட்டின் அணியை எவ்வாறு நடத்துவார் என்ற கேள்வி அவரை நெடுங்காலம் பின்தொடர்ந்தது. கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அக்காலத்து இத்தாலிய ஆட்டமுறைக்குக் ‘கத்தெனாச்சியோ’ என்று பெயர். தாழ்ப்பாள் என்பது அதன் பொருள். எதிரணியின் ஒவ்வொரு தாக்குநரையும் ஒவ்வொரு தற்காப்பாளர் நிழலெனத் தொடர்வார். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் எவரையும் தொடராமல் தனித்து நின்று, தப்பி வரும் பந்தை அகற்றுவார். கதவை அடைத்துவிட்டுக் கிடைத்த நேரத்தில் ஒரு கோல் அடிப்பதே அம்முறையின் உயிர்நாடி. கழகங்களுக்கு அது கோப்பைகளைத் தேடித் தந்தது. ஆயினும் 1974ஆம் ஆண்டு உலகக்கோப்பையில் இத்தாலி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அதே போட்டியில் நெதர்லாந்து அணியினர் அனைவரும் தாக்கி, அனைவரும் தற்காத்து, இடம் மாறி மாறி ஆடியதை உலகம் வியந்து நோக்கியது.

அத்தோல்விக்குப் பின் அணியைச் சீரமைக்கும் பொறுப்பு புல்வியோ பெர்னர்தீனியிடம் தரப்பட்டது. அவருடன் இணைந்து 1975 முதல் பணியாற்றிய பேர்சோட், 1977இல் தனிப்பொறுப்பு ஏற்றார். அவர் தாழ்ப்பாளை உடைத்து எறிந்துவிடவில்லை. கதவைத் திறக்கவும் அதனைப் பயன்படுத்தினார். எதிரணியின் ஆபத்தான வீரரைத் தொடர ஒருவர் இருப்பார். ஆனால், பின்னால் தனித்து நிற்பவர் காலியிடம் கண்டால் முன்னேறித் தாக்குதலில் சேரலாம். பக்கவாட்டுத் தற்காப்பாளர் ஓடி எதிரணியின் எல்லைவரை செல்லலாம். கயேத்தானோ ஷிரேயா, அந்தோனியோ கப்ரீனி ஆகிய இருவரும் இம்முறைக்கே பிறந்தவர்கள் எனலாம். நல்ல இசைக்குழுவில் ஒவ்வொருவருக்கும் உரிய இடம் உண்டு; அந்த இடத்திற்குள் தன் விருப்பப்படி இசைக்கும் உரிமையும் உண்டு. ஜாஸ் இசையில் தோய்ந்த ஒருவருக்கு இந்த எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

1978இல் அர்ஜென்டினாவில் நடைபெற்ற உலகக்கோப்பையில் அவர் இரண்டு இளைஞர்களைத் துணிந்து களமிறக்கினார். ஒருவர், அதுவரை நாட்டிற்காக ஓர் ஆட்டமும் ஆடியிராத கப்ரீனி. மற்றவர், விசென்சா என்னும் சிறு கழகத்தின் முன்கள வீரர் பாவ்லோ ரோஸ்ஸி. மெலிந்த உடல், முழங்காலில் அறுவை மருத்துவத்தின் தழும்புகள். ஆனால், பந்து எங்கு வந்து விழும் என்பதைப் பிறருக்கு ஒரு நொடி முன்னதாக அறியும் திறன் அவரிடம் இருந்தது. அப்போட்டியில் ரோஸ்ஸி மூன்று கோல்கள் அடித்தார். பின்னர்க் கோப்பையை வென்ற அர்ஜென்டினாவை அப்போட்டியில் தோற்கடித்த ஒரே அணி இத்தாலிதான். எனினும் நான்காம் இடமே கிடைத்தது.

வீழ்ந்த வீரர்

1980ஆம் ஆண்டு இத்தாலியக் கால்பந்தைச் சூதாட்டப் புயல் தாக்கியது. ஆட்ட முடிவுகளை முன்கூட்டியே பேசிவைத்துப் பந்தயம் கட்டியதாகப் பலர்மீது குற்றம் சாட்டப்பட்டது. காவலர்கள் அரங்குகளுக்கே சென்று வீரர்களைக் கைது செய்தனர். மிலான், லாத்சியோ ஆகிய பெருங்கழகங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டன. அப்போது பெரூஜா கழகத்துக்காக ஆடிய ரோஸ்ஸிக்கு மூன்றாண்டுத் தடை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. தாம் குற்றமற்றவர் என்று அவர் வாழ்நாள் முழுவதும் கூறிவந்தார்.

இருபத்து மூன்று அகவையில் ஒரு முன்கள வீரர் இரண்டாண்டுகள் களத்தை விட்டு நீங்குவது, பாடகர் ஒருவரைப் பாடக்கூடாது என்று தடுப்பதற்கு ஒப்பானது. உடற்பயிற்சி செய்யலாம், ஆட்டத்தின் வேகத்தைத் தனியாகப் பயில இயலாது. தடை நீங்கியது 1982 ஏப்ரல் இறுதியில். உலகக்கோப்பை தொடங்குவதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களே இருந்தன. யுவென்டஸ் கழகத்துக்காக மூன்றே மூன்று ஆட்டங்களில் ரோஸ்ஸி கலந்துகொண்டார்.

அந்த மூன்று ஆட்டங்களைக் கொண்டு பேர்சோட் அவரை உலகக்கோப்பை அணியில் சேர்த்தார். அதே வேளையில், தொடர்ந்து இரண்டு பருவங்களில் நாட்டின் முதற்பிரிவில் மிகுதியான கோல்களை அடித்த உரோமாக் கழக வீரர் ரொபேர்த்தோ புரூத்சோவை விட்டுவிட்டார். புள்ளிவிவரத்தை மட்டும் நோக்குபவர் எவரும் இத்தேர்வை ஏற்கமாட்டார். பேர்சோட்டின் கணக்கு வேறாக இருந்தது. அவருடைய தாக்குதல் அமைப்பு முழுவதும் சிறிய இடத்துக்குள் விரைந்து நகரும் ஒருவரைச் சார்ந்தது. அவ்விடத்திற்கு உரியவர் ரோஸ்ஸியே. மற்றொரு நம்பிக்கையான ரொபேர்த்தோ பெத்தேகாவும் முழங்கால் காயத்தால் அணியில் இல்லை. புகழ்பெற்ற மாற்று வீரர் ஒருவர் ஓரத்தில் அமர்ந்திருந்தால், ஒவ்வொரு தவற்றுக்குப் பின்னும் ரோஸ்ஸியின் கண் அவரை நோக்கும் என்பதாலேயே புரூத்சோ தவிர்க்கப்பட்டார் என்று விளக்குவோரும் உண்டு.

வீகோ நகரத்து மூன்று ஆட்டங்கள்

ஸ்பெயின் நாட்டின் வீகோ நகரில் இத்தாலியின் முதல் சுற்று நடைபெற்றது. போலந்துடன் 0–0, பெருவுடன் 1–1, கேமரூனுடன் 1–1. ஓர் ஆட்டத்திலும் வெற்றியில்லை. கேமரூன் அணியும் மூன்று சமநிலைகளையே கண்டிருந்தது. இத்தாலி இரண்டு கோல்களும் கேமரூன் ஒரு கோலும் அடித்திருந்த ஒரே வேறுபாட்டினால் இத்தாலி அடுத்த சுற்றுக்குச் சென்றது.

ரோஸ்ஸி களத்தில் இருப்பதே தெரியவில்லை. பெருவுடனான ஆட்டத்தின் இடைவேளையில் பேர்சோட்டே அவரை வெளியில் அழைத்துக்கொண்டார். ஆயினும் அடுத்த ஆட்டத்திற்கு மீண்டும் அவரையே தெரிவு செய்தார்.

செய்தித்தாள்களின் சினம் எல்லை கடந்தது. ஆட்டத்தைப் பற்றிய குறைகூறலோடு அவை நிற்கவில்லை. வீரர்கள் பெறவிருந்த பரிசுத்தொகையையும், அவர்களுடைய தனிவாழ்வையும் பற்றி எழுதின. வீரர்கள் கூடி ஒரு முடிவெடுத்தனர்: இனிச் செய்தியாளர் எவருடனும் பேசுவதில்லை. தேவைப்படும் இடத்தில் அணித்தலைவர் சோஃப் மட்டும் பேசுவார். சோஃபோ, பேர்சோட்டைப் போலவே ஃப்ரியூலியில் பிறந்தவர்; இயல்பிலேயே மிகக் குறைவாகப் பேசுபவர். மௌன விரதத்திற்கு இதைவிடப் பொருத்தமான தூதுவர் கிடைத்திருக்கமாட்டார். வெளியிலிருந்து வந்த கல்லடி உள்ளே இருந்தவர்களை நெருங்கி நிற்கச் செய்தது. நாற்பது அகவைச் சோஃப் முதல் பதினெட்டு அகவை ஜுசெப்பே பெர்கோமி வரை, எல்லாரும் ஒரே குடும்பமாயினர்.

தெரிந்து தெளிவோம்

பேர்சோட்டை அவருடைய வீரர்கள் ‘வேச்சோ’ என்று அழைத்தனர். வடகிழக்கு இத்தாலியின் வட்டார வழக்கில் இச்சொல்லுக்குப் ‘பெரியவர்’ என்பது பொருள். சுங்கானும் அடிபட்டு வளைந்த மூக்கும் அவருடைய அடையாளங்களாக இருந்தன.

சரியா அரங்கில் ஒரு மாலை

இரண்டாம் சுற்றில் இத்தாலியுடன் ஒரே பிரிவில் அமைந்தவை நடப்பு வாகையரான அர்ஜென்டினாவும், கோப்பையை வெல்லும் என்று உலகமே எதிர்பார்த்த பிரேசிலும் ஆகும். மூன்று அணிகளுள் ஒன்றுக்கே அரையிறுதி வாய்ப்பு. ஜூன் 29ஆம் நாள், பார்சிலோனா நகரின் சரியா அரங்கில் அர்ஜென்டினாவை இத்தாலி 2–1 என வென்றது. இளம் மாரடோனாவைக் கிளவுதியோ ஜென்டிலே ஓரடிகூட விலகாமல் தொடர்ந்தார். அந்தத் தொடர்தல் விதிகளுக்குள் அடங்கியதா என்பது இன்றளவும் விவாதிக்கப்படுகிறது. தர்தெல்லியும் கப்ரீனியும் கோல்கள் அடித்தனர். ரோஸ்ஸி அடிக்கவில்லை. நான்கு ஆட்டங்கள் முடிந்தும் அவர் கணக்கில் ஒரு கோலும் இல்லை.

ஜூலை 5ஆம் நாள் பிரேசிலுடன் ஆட்டம். ஜீக்கோ, சோக்ரத்தீஸ், ஃபல்காவோ முதலியோர் நிறைந்த அணி அது. கோல் வேறுபாட்டில் முன்னிலையில் இருந்தமையால் பிரேசிலுக்குச் சமநிலையே போதும். இத்தாலி வென்றாக வேண்டும். பேர்சோட் மீண்டும் ரோஸ்ஸியைக் களமிறக்கினார்.

ஐந்தாம் நிமிடம். இடப்புறத்திலிருந்து கப்ரீனி உயர்த்தி அடித்த பந்தை ரோஸ்ஸி தலையால் முட்டிக் கோலாக்கினார். சோக்ரத்தீஸ் விரைவிலேயே சமன் செய்தார். 25ஆம் நிமிடத்தில் பிரேசில் வீரர் செரேசோ கவனமின்றிக் குறுக்காகத் தள்ளிய பந்தை ரோஸ்ஸி இடையில் புகுந்து கைப்பற்றி, வலைக்குள் அடித்தார். வேறொருவருக்கு அது தற்செயலாக வாய்த்த பந்து. அத்தவற்றிற்காகக் காத்திருந்தவருக்கு அது தற்செயல் அன்று. 68ஆம் நிமிடத்தில் ஃபல்காவோ மீண்டும் சமன் செய்தார். அந்நிலையில் ஆட்டம் முடிந்திருந்தால் பேர்சோட்டின் பணியும் அன்றே முடிந்திருக்கும்.

74ஆம் நிமிடத்தில் இத்தாலிக்கு மூலை உதை கிடைத்தது. பந்து தர்தெல்லியிடம் வர, அவர் அடித்த அடி கோலுக்கு அருகில் நின்ற ரோஸ்ஸியிடம் சென்றது. அவர் அதைத் திருப்பிவிட்டார். 3–2. ஆட்டம் முடியும் தறுவாயில், பிரேசிலின் ஆஸ்கார் தலையால் முட்டிய பந்தைச் சோஃப் கோல் கோட்டின்மேல் விழுந்து பிடித்தார். கோல் என்று கருதிப் பிரேசில் வீரர்கள் கைகளை உயர்த்தினர், நடுவர் ஏற்கவில்லை. காயமுற்ற கொல்லோவாத்திக்கு மாற்றாக ஆட்டத்தின் முற்பாதியிலேயே நுழைந்த பெர்கோமி, உலகின் சிறந்த தாக்குநர்களை எதிர்கொண்டு நின்றதும் குறிப்பிடத்தக்கது.

அரையிறுதியில் போலந்தை இத்தாலி 2–0 என வென்றது. இரண்டும் ரோஸ்ஸியின் கோல்களே.

ஜூலை 11ஆம் நாள் மாட்ரிட்டில் மேற்கு ஜெர்மனியுடன் இறுதி ஆட்டம். அந்தோஞ்ஞோனி காயத்தால் ஆடவில்லை. கிராத்சியானி தொடக்கத்திலேயே காயமுற்று வெளியேறினார். கிடைத்த பெனால்டி உதையைக் கப்ரீனி வெளியே அடித்தார். இவ்வளவு இடர்களுக்குப் பின்னும் இத்தாலி 3–1 என வென்றது. முதல் கோல் ரோஸ்ஸியுடையது. இரண்டாம் கோலே பேர்சோட்டின் ஆட்டமுறைக்குச் சான்றாக விளங்குவது. பின்னால் நிற்கவேண்டிய ஷிரேயாவும், மற்றொரு தற்காப்பாளரான பெர்கோமியும் எதிரணியின் கோல் பகுதிக்குள் நின்று, தங்களுக்குள் பந்தை மாற்றிக்கொண்டனர். பின்னர் ஷிரேயா தள்ளிய பந்தைத் தர்தெல்லி வலைக்குள் செலுத்தினார். தாழ்ப்பாள் நாடு என்று பெயர்பெற்ற இத்தாலி, உலகக்கோப்பையின் இறுதி ஆட்டத்தில் தற்காப்பாளர்களைக் கொண்டு தாக்கிக் கோல் அடித்தது. மூன்றாம் கோலை அல்தோபெல்லி அடித்தார். வீரர்கள் பேர்சோட்டைத் தோள்மீது தூக்கிக்கொண்டனர்.

விட்டோரியோ பொத்சோவின் பயிற்சியில் 1934, 1938 ஆகிய ஆண்டுகளில் வென்ற பின், 44 ஆண்டுகள் கழித்து இத்தாலிக்குக் கிடைத்த உலகக்கோப்பை இது. ஆறு கோல்கள் அடித்த ரோஸ்ஸி போட்டியில் மிகுதியான கோல்கள் அடித்தவராகவும், சிறந்த வீரராகவும் விளங்கினார். அவ்வாண்டின் ஐரோப்பியச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே வழங்கப்பட்டது.

அதே பண்பு, வேறு விளைவு

பேர்சோட்டின் வாழ்க்கையை 1982இல் நிறுத்திவிடுவது எளிது. பலரும் அவ்வாறே நிறுத்துகின்றனர். அடுத்து வந்த ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் எட்டு ஆட்டங்களில் இத்தாலி ஒன்றில் மட்டுமே வென்றது; உலக வாகையர் 1984ஆம் ஆண்டுப் போட்டியில் நுழையவே இல்லை. 1986இல் மெக்சிகோ உலகக்கோப்பைக்குச் சென்றபோதும் மாட்ரிட் வெற்றியில் பங்குகொண்ட வீரர்கள் பலரைப் பேர்சோட் தம்முடன் அழைத்துச் சென்றார். அவர்களுள் ரோஸ்ஸியும் ஒருவர். காயங்களால் தளர்ந்திருந்த அவர் அங்கு ஓர் ஆட்டத்திலும் களமிறங்கவில்லை. பதினாறு அணிகளின் சுற்றில், பிளாத்தினி தலைமையிலான பிரான்சிடம் 0–2 எனத் தோற்று இத்தாலி வெளியேறியது.

வீழ்ந்தவரைக் கைவிடாத உள்ளமே 1982இல் பேர்சோட்டுக்குக் கோப்பையைத் தந்தது. ஓய்வுபெற வேண்டியவர்களை அனுப்பிவைக்க இயலாமல் 1986இல் அவரைத் தடுத்ததும் அதே உள்ளம்தான். முன்னது திறமை இன்னும் உயிரோடு இருக்கிறது என்ற கணிப்பு. பின்னது, நன்றியுணர்வு கணிப்பின் இடத்தை எடுத்துக்கொண்ட நிலை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை, களத்துக்கு உள்ளே நிற்பவர் கண்ணுக்கு அவ்வளவு எளிதில் புலப்படுவதன்று.

பேர்சோட் பதவி விலகினார். 104 ஆட்டங்களில் இத்தாலி அணியை அவர் வழிநடத்தியிருந்தார். அது அந்நாட்டுப் பயிற்றுநர்களுள் எவரும் எட்டாத எண்ணிக்கை. உலக வாகையரின் பயிற்றுநர் என்ற புகழைக் கொண்டு ஏதேனும் ஒரு பெருங்கழகத்தில் அவர் சேர்ந்திருக்கலாம். அவர் எந்த அணிக்கும் மீண்டும் பயிற்சியளிக்கவில்லை. நெடுங்காலத்துக்குப் பின், 2002 முதல் 2005 வரை, கூட்டமைப்பின் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

2010ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் மிலான் நகரில் பேர்சோட் காலமானார். அவருக்கு முன் உலகக்கோப்பையைக் கொணர்ந்த பொத்சோ மறைந்ததும் 1968ஆம் ஆண்டு அதே டிசம்பர் 21ஆம் நாள்தான். பெரியவரை வழியனுப்ப 1982ஆம் ஆண்டு அணியின் வீரர்கள் மிலானில் ஒன்றுகூடினர். அப்போது அவர்களுக்கும் தலை நரைத்திருந்தது. பாவ்லோ ரோஸ்ஸியும் வந்திருந்தார்.